பலகை யாரைப் பார்த்து நிற்கிறது?

பாதுகாப்பு என்ற சொல்லை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று சில காலமாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரு கதவைச் சாத்தும்போதுதான் அதைச் சொல்கிறார்கள். 'உன் பாதுகாப்புக்காகத்தானே' என்கிறபோது அந்த 'தானே'யோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் நன்றிகெட்டவள் என்ற பெயர் வந்துவிடும்.

கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் பெண்கள் விடுதிக்குக் காப்பாளராக இருந்தேன். மாலை ஆறரைக்குக் கேட்டைப் பூட்ட வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஊருக்குப் போகிறவளுக்கு அப்பாவின் கடிதம், நூலகத்தில் நேரமாகிவிட்டால் பேராசிரியரின் சீட்டு. ஆண்கள் விடுதிக் கேட்டுக்கும் ஒரு பூட்டு உண்டு. அது பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. காப்பாளர் என்ற பதவிப் பெயரிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் காப்பு என்பது விசித்திரமான சொல். குழந்தையின் கையில் போடுவதும் காப்பு, திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு, நூலின் தொடக்கத்தில் தெய்வத்தை வேண்டிப் பாடுவதும் காப்பு. போலீஸ்காரர் கையில் மாட்டுவதும் காப்புதான். வளையலுக்கும் விலங்குக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் நாம் பெண்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சொல்லை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு சென்ற அக்டோபரில் இங்கிலாந்தில் கிடைத்தது. ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். அங்கே வாழும் ஈழத்துத் தோழி ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாக நடக்கப் போகும் குழு ஒன்றில் இருக்கிறாள். "அக்கா, உந்தச் செருப்போட நடக்கேலாது, என்ர சப்பாத்தைப் போடுங்கோ" என்று தன் காலணியை மாட்டிவிட்டு என்னையும் அழைத்துப் போனாள். பதினாறு பேர். பெரும்பாலும் பெண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். போன இடம் பெர்க்‌ஷயரில் நியூபெரி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிரீனம் காமன்.

அந்த நிலத்துக்கு ஆங்கிலத்தில் ஹீத் என்று பெயர். தமிழில் அதற்குச் சரியான சொல் இல்லை. காடும் இல்லை, புல்வெளியும் இல்லை, பொட்டலும் இல்லை. சத்தில்லாத சரளை மண்ணில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர்கள். அவற்றின் ஊதாப் பூக்கள் ஆகஸ்டிலேயே பூத்து முடிந்து இப்போது துருப்பிடித்த நிறத்தில் காய்ந்திருந்தன. நடுநடுவே கோர்ஸ் என்னும் முட்புதரில் மட்டும் மஞ்சள் பூ. பெரணிகள் செம்பு நிறமாகிச் சாய்ந்து கிடந்தன. வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்களின் அடியில், குழந்தைகளின் படப் புத்தகத்தில் வருவது போலச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான்கள். இதைப் பற்றிக் கவிதை எழுதிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க வந்தவளுக்கு நிலம் உடனே அழகாகிவிடும். அதில் வேலை செய்தவளுக்கு அப்படி ஆகாது.

வேலை என்று காரணமாகத்தான் சொல்கிறேன். பார்த்தால் மனிதக் கை படாத வெளி போலத் தோன்றுகிறது. உண்மை நேர்மாறானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டை அழித்து, ஆடு மாடு மேய்த்து, கோர்ஸை வெட்டி ரொட்டி அடுப்பு எரித்து, மண்கட்டியைப் பெயர்த்து விறகாக்கி, பெரணியை அறுத்துத் தொழுவத்தில் பரப்பி உண்டாக்கிய நிலம் இது. ஏழைகள் எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் அப்படியே நின்றது. எடுப்பதை நிறுத்தினால் சில ஆண்டுகளில் பிர்ச்சும் பைனும் முளைத்து மூடிவிடும். கடந்த இரு நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் இத்தகைய தாழ்நிலப் புதர்வெளிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. உழுதார்கள், வீடு கட்டினார்கள், பைன் நட்டார்கள், சில இடங்களில் சும்மா விட்டார்கள். மிச்சமிருப்பதைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள்.

காமன் என்றால் பொதுநிலம். நம் ஊர் மந்தைவெளி, மேய்க்கால் புறம்போக்கு போல. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். சுற்றியிருக்கும் குடிகளுக்கு அதில் மேய்க்கவும் விறகெடுக்கவும் உரிமை இருக்கும். அந்த உரிமை காலங்காலமாக வருவது.

கிரீனம் என்ற பெயரைப் பெண்ணிய வரலாறு படித்தவர்கள் கேட்டிருப்பார்கள். 1941இல் போருக்காக அரசு இந்தப் பொதுநிலத்தை எடுத்துக்கொண்டு விமானதளம் ஆக்கியது. பின்னர் அமெரிக்க விமானப்படை வந்தது. 1979 டிசம்பரில் நேட்டோ ஐரோப்பாவில் அணு ஏவுகணைகளை நிறுத்த முடிவெடுத்தது. அவற்றில் 96 இங்கே வரவிருந்தன. 1981 ஆகஸ்ட் கடைசியில் வேல்ஸின் கார்டிஃப் நகரிலிருந்து 36 பெண்கள், சில குழந்தைகளையும் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 180 கிலோமீட்டர், பத்து நாள். செப்டம்பர் 5ஆம் தேதி வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் நால்வர் வேலியில் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். கேட்டது ஒன்றுதான்: இது பற்றி மக்கள் முன்னால் விவாதியுங்கள். அரசு மறுத்தது. பேசிவிட்டுத் திரும்பிவிட நினைத்து வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். முகாம் 2000 வரை நீடித்தது. 1982 டிசம்பரில் 30,000 பெண்கள் கைகோத்து அந்தப் பதினான்கு கிலோமீட்டர் வேலியைச் சுற்றி நின்றார்கள். 1983 நவம்பரில் ஏவுகணைகள் வரத்தான் செய்தன. 1987 ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1991 மார்ச்சில் கடைசி ஏவுகணையும் போனது. அது பெரும்பாலும் வெள்ளைப் பெண்களின் முகாம் என்ற விமர்சனமும், வேலியில் குழந்தைச் சட்டைகளைத் தொங்கவிட்டது தாய்மையை மீண்டும் தூக்கிப் பிடிப்பதாகாதா என்ற கேள்வியும் அப்போதே எழுந்தன. இரண்டுமே நியாயமானவை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அந்த ஏவுகணைகளும் பாதுகாப்புக்காகவே வந்தன என்பது. இவர்களையும் இவர்கள் பிள்ளைகளையும் காப்பதற்கு. முள்வேலி போட்டு, அதற்குள் குண்டை வைத்து, வெளியே நிற்பவளிடம் 'உனக்காகத்தானே' என்று சொன்னார்கள். அவள், என்னைக் கேட்டீர்களா என்றாள். வேலியை அறுத்து உள்ளே போனவர்கள் கைதானார்கள், சிறைக்குப் போனார்கள். 1985இல் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கித் துணைவிதிகள் கொண்டுவரப்பட்டன. அந்த விதிகளின் கீழ் தண்டிக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1990இல் தீர்ப்பு வந்தது: துணைவிதிகளே செல்லாது. 1892ஆம் ஆண்டின் ராணுவ நிலச் சட்டம், பொதுநிலத்தில் குடிகளுக்குள்ள உரிமையைப் பாதிக்கும்படி விதி போடக் கூடாது என்கிறது. மாடு மேய்க்கும் உரிமை அங்கே சாகாமல் கிடந்தது. அணுகுண்டைச் சுற்றிப் போட்ட சட்ட வேலியில் ஓட்டை போட்டது அதுதான். பெண்ணுரிமையோ, உலக சமாதானமோ அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. முல்லைத் திணையை வகுப்பில் காத்திருப்பின் ஒழுக்கமாகவே நடத்திப் பழகிய எனக்கு இது பிடித்திருந்தது.

இப்போது வேலி இல்லை. ஓடுபாதையின் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்; அதில் ஒரு பங்கு நியூபெரியின் புறவழிச்சாலைக்குப் போனது. ஏவுகணைகளை வைத்திருந்த மண்மேடுகள் மட்டும் தனி வேலிக்குள், பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிற்கின்றன. எங்களை நடத்திச் சென்ற மூதாட்டி ஓய்வுபெற்ற செவிலி. எண்பதுகளில் சில வாரங்கள் முகாமில் இருந்தவர். மேடுகளைக் கடக்கும்போது அவர் எதையும் விவரிக்கவில்லை. மழையும் சேறும்தான் ஞாபகம் இருக்கிறது என்றார்.

அதைத் தாண்டி ஓரிடத்தில் ஒரு பலகை இருந்தது. பருவம் முடிந்தும் எடுக்காமல் விட்டது. இங்கே தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கின்றன, நாய்களைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். இங்கிலாந்தில் இத்தகைய திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். பக்கி, வானம்பாடி இனத்தில் ஒன்று, நம் ஆள்காட்டியின் உறவுப் பறவை எல்லாம் அந்த வெளியில் வெறும் தரையில் முட்டையிடுகின்றன. பக்கி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, குஞ்சு பொரித்து, இலையுதிர் காலத்துக்குள் திரும்பிவிடும். நாங்கள் போனபோது ஒன்றுகூட இல்லை.

அந்தப் பலகையின் முன் நான் நிறைய நேரம் நின்றுவிட்டேன். அதில் இருந்த செய்தி சாதாரணமானது. என்னை நிறுத்தியது, அது யாரைப் பார்த்து நிற்கிறது என்பது. பறவையைப் பார்த்து அல்ல. தரையில் ஏன் கூடு கட்டுகிறாய், உன் இனத்துக்குப் புத்தியில்லையா, மரத்தில் கட்டினால் என்ன, இருட்டிய பிறகு ஏன் பறக்கிறாய் என்று அதில் எழுதவில்லை. நாயின் சொந்தக்காரரைப் பார்த்து, உன் கையில் இருக்கும் கயிற்றைச் சுருக்கிப் பிடி என்று எழுதியிருந்தது. எல்லா நாயும் கடிக்காது, என் நாய் சாது என்று அவர் சொல்லலாம். இருந்தாலும் கயிறு கயிறுதான். காப்பதற்கான செலவைத் தீங்கு செய்யக்கூடியவர் ஏற்கிறார். காக்கப்படுவது தன் பாட்டுக்கு வாழ்கிறது.

இன்னொன்றும் இருந்தது. பலகையில் தேதி போட்டிருந்தது. ஜூலை 31. எங்கள் விடுதி விதியில் தேதி கிடையாது. எந்த நாள் வரை, எது மாறும் வரை இந்த ஆறரை மணி என்று யாரும் எழுதி வைத்ததில்லை. முடிவுத் தேதி இல்லாத பாதுகாப்பு ஏற்பாட்டை வேறு பெயரில்தான் அழைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பறவைக்கு இவ்வளவு நாகரிகமாகப் பலகை எழுதும் தேசம் பெண்ணுக்கும் அப்படி எழுதியது என்று சொல்ல வரவில்லை. எழுபதுகளில் வட இங்கிலாந்தில் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்தபோது, இருட்டிய பின் வெளியே வராதீர்கள் என்று போலீஸ் பெண்களுக்குத்தான் சொன்னது. 1977 நவம்பர் 12 இரவில் லீட்ஸிலும் வேறு நகரங்களிலும் பெண்கள் கூட்டமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஊரடங்கு வேண்டுமென்றால் ஆண்களுக்குப் போடுங்கள் என்பது அவர்கள் வாதம். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில், லண்டனில் கிளாபம் காமன் என்ற இன்னொரு பொதுநிலத்தின் பக்கமாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் காவலர் ஒருவர், பெருந்தொற்று விதியை மீறியதாகச் சொல்லி, கையில் காப்பு மாட்டிக் கடத்திக் கொன்றார். அவளுக்காக அதே பொதுநிலத்தில் கூடிய பெண்களைப் போலீஸ் பிடித்து இழுத்தது. அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களின் உரிமையைப் போலீஸ் மீறியது என்று மறு ஆண்டு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

என் மாணவி ஒருத்தியிடம் இந்தப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவள் உடனே கேட்டாள்: "சரி மேடம், ஆனா இன்னைக்கு ராத்திரி நாய் அவுத்துவிட்டுத்தானே இருக்கு? நான் போகவா, வேண்டாமா?" இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுதும் பெண்ணியக் கட்டுரைகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. பெண்ணைப் பெற்ற எந்தத் தாயும் இந்த இடத்தில்தான் நிற்கிறாள். கொள்கைக்காகப் பிள்ளையை இருட்டில் அனுப்ப முடியாது. அவளிடம் நான் சொன்னது: எச்சரிக்கையும் விதியும் ஒன்றல்ல. அந்தத் தெருவில் விளக்கில்லை, பார்த்துப் போ என்று தோழி சொல்வது எச்சரிக்கை. அதில் முடிவு உன்னிடம் இருக்கிறது. விளக்கு போடாதவரே வந்து, விளக்கில்லை அதனால் நீ வரக் கூடாது என்று பூட்டுவது விதி. அதில் அவர் தன் வேலையை உன் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். நீ எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே விளக்கு கேட்கலாம். விதிக்குப் பழகிவிட்டால் விளக்கு கேட்க மறந்துவிடும். அவளுக்கு இது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் முழுதாகப் போதவில்லை.

விதிக்குப் பழகுவது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் இலக்கியத்தில் நல்ல சான்றுகள் உண்டு. அகப்பாடல்களில் இற்செறிப்பு என்று ஒரு துறை. ஊர் பேசத் தொடங்கியதும் பெண்ணை வீட்டுக்குள் வைப்பது. வகுப்பில் அதைக் காதலின் வேகத்தைக் கூட்டும் உத்தி என்று நடத்துகிறோம். வீட்டுக்காவல் என்று யாரும் சொல்வதில்லை. வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில் ஒரு படி மேலே போகிறார். பெண்ணை அடைத்துவைத்துக் காவல் காப்பதில் பயனில்லை, அவளுடைய மனக் கட்டுப்பாடே மேலான காவல் என்பது அவர் கருத்து. இதைப் பெண்ணுக்குத் தந்த மரியாதை என்று மேடைதோறும் கேட்டிருக்கிறேன். வெளிச்சுவரை இடித்துவிட்டு, அதே செங்கல்லை அவளுக்குள்ளே அடுக்கச் சொல்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கயிறு இரண்டு ஏற்பாட்டிலும் அவள் கழுத்தில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. பெண்ணைப் பறவையோடும் நிலத்தோடும் ஒப்பிட்டே நம்மைக் கெடுத்தார்கள். நிலம் பேசாது, அதனால் அதைக் காப்பவர் அதன் சார்பில் பேசலாம். பெண் பேசுவாள். ஆகவே பலகையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கயிற்றை யார் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும். பறவையிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை என்பதை எடுத்துக்கொள்ள முடியாது.

நிலத்தைக் காப்பதும் எப்போதும் குற்றமற்றது அல்ல. நம்மிடம் காப்புக்காடு என்று ஒரு சொல் இருக்கிறது. சுள்ளி பொறுக்கப் போகிற பெண்ணுக்கு அது அரிவாளைப் பிடுங்கிக்கொள்ளும் இடம். 1992 ஜூனில், சந்தன மரத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 215 அரசு ஊழியர்கள் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். மரத்துக்கு ஒரு காப்பு, மரத்தடியில் வாழ்கிறவளுக்கு ஒரு காப்பு.

இதை நடந்துகொண்டே தோழியிடம் சொன்னேன். அவள் வலிகாமம் வடக்கில் பிறந்தவள். 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம். சிறிது நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "எங்கட ஊருக்கும் அந்தப் பேர்தான் வச்சவை, அக்கா. உயர் பாதுகாப்பு வலயம்" என்றாள். பலாலி விமானதளத்தைச் சுற்றி ராணுவம் எடுத்துக்கொண்ட ஊர்களில் அவள் ஊரும் ஒன்று. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். அவள் அம்மா திரும்பிப் போனபோது கிணற்றை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தாராம். 2017 தொடக்கத்தில் முல்லைத்தீவில் கேப்பாப்பிலவுப் பக்கம், பிலக்குடியிருப்புப் பெண்கள் தங்கள் காணிக்காக விமானப்படை முகாம் வாசலில் குழந்தைகளோடு ஒரு மாதம் போல இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள்; காணி கிடைத்தது. கிரீனம் பெண்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. வேலிக்கு வெளியே தரையில் உட்காருவது யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய வழி அல்ல.

கிரீனத்தில் பகல் இரண்டு மணிக்கு மேல் நடை வேறு மாதிரி ஆனது. ஓரிடத்தில் முளைத்திருந்த பிர்ச் கன்றுகளை வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும் என்றார் மூதாட்டி. அக்டோபர் முதல் குளிர்காலம் முழுதும் தன்னார்வலர்கள் செய்யும் வேலை அது. எனக்கு மரக்கன்றைப் பிடுங்கக் கை வரவில்லை. நம் ஊரில் அதற்குப் பெயர் பாவம். பிர்ச்சைக் காட்டிலும் ஹெதர் பெரிது என்று யார் முடிவு செய்தது என்று கேட்டேன். அவர் அதைப் பெரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. 2002இல் இந்தப் பொதுநிலத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டு, மேய்ச்சல் உரிமைக்காரர்கள், உள்ளாட்சிகள், இன்னும் சிலரைச் சேர்த்து ஓர் ஆணையம் வைத்தார்கள். எத்தனை மாடு, எந்தப் பக்கம் வெட்டுவது, எந்தப் பாதையை அடைப்பது என்று அன்று முதல் சண்டைதான் என்றார். நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், பறவைக்காரர்கள் ஒரு பக்கம். தானும் நாய் வளர்ப்பவர் என்றார். ஜூலை வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நடப்பாராம்.

பிடுங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். தண்டை நடுவில் பிடித்தால் ஒடிந்து, அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும். குனிந்து, தரையை ஒட்டிப் பிடித்து, ஆட்டிவிட்டு இழுக்க வேண்டும். வேரோடு வந்த மண்ணை உதறி அங்கேயே போட்டுவிட வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் சுலபமாக வந்தது. நானும் தோழியும் சேர்ந்து முப்பது, நாற்பது பிடுங்கியிருப்போம்.